குளிர் குறைந்த நாட்டில் குளிரும் வீடுகள்

டொராண்டோவில் சில வருடம் இருந்துவிட்டு நியூசிலாந்தின் ஆக்லாந்துக்கு மாறி வரும் தமிழர்கள் முதல் ஜூலை மாதத்திலேயே (இங்கே அது குளிர்காலம்) ஒரு புகார் சொல்வார்கள்: "இவ்வளவு குளிரை அங்கேகூட நாங்க பார்த்ததில்லை." கேட்கிறவருக்குச் சிரிப்பு வரும். டொராண்டோவின் சனவரி உறைநிலைக்கு வெகு கீழே போகிற மாதம். ஆக்லாந்தில் நடுக் குளிர்கால அதிகாலையில்கூட 7, 8 டிகிரி இருக்கும். பகலில் 14, 15. நகரத்தில் பனி விழுந்தால் அது செய்தி. ஆனாலும் புகார் பொய் இல்லை. அவர்கள் சொல்வது தெருவில் இருக்கும் குளிரைப் பற்றி அல்ல, படுக்கையறையில் இருக்கும் குளிரைப் பற்றி.

கனடாவில் குளிரைக் கணக்கில் எடுக்காமல் வீடு கட்ட முடியாது. கட்டினால் குழாயில் தண்ணீர் உறைந்து வெடிக்கும், உள்ளே இருப்பவர் உயிருக்கே ஆபத்து. நியூசிலாந்துக்கு அப்படி ஒரு நெருக்கடி வரவில்லை. இன்னொரு ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டால் சமாளித்துவிடலாம் என்கிற அளவிலேயே குளிர் இருந்ததால், தலைமுறை தலைமுறையாக அப்படியே சமாளித்தார்கள். பழைய வீட்டின் அமைப்பைப் பார்த்தாலே தெரியும். மரச்சட்டம், வெளிப்பக்கம் பலகை, உள்பக்கம் மெல்லிய அட்டைப் பலகை, இரண்டுக்கும் நடுவில் வெறும் காற்று. மேலே நெளி தகரம். ஜன்னலில் ஒற்றைக் கண்ணாடி. கீழே, மண்ணிலிருந்து கொஞ்சம் உயரத்தில் கட்டைகள் மேல் நிற்கும் பலகைத் தரை. 1937 முதல் அரசாங்கம் கட்டி வாடகைக்கு விட்ட வீடுகள் நல்ல உறுதியானவை, இன்றும் நிற்கின்றன. அவற்றிலும் இன்சுலேஷன், அதாவது சூடு வெளியேறாமல் தடுக்கும் அடைப்பு, கிடையாது. புதிதாகக் கட்டும் வீட்டில் இன்சுலேஷன் கட்டாயம் என்று நாடு முழுக்க விதி வந்ததே 1978இல்தான்.

1999 தொடங்கி 2005 வரை அந்நாட்டின் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் சுமார் 400 வீடுகளில் வெப்பத்தை அளந்தது. குளிர்கால மாலையில் வரவேற்பறையின் சராசரி, 18 டிகிரிக்குச் சற்றே கீழே. இரவில் படுக்கையறை 13, 14 டிகிரி. உலக சுகாதார நிறுவனம் குளிர்காலத்தில் வீட்டுக்குள் குறைந்தபட்சம் இருக்க வேண்டும் என்று சொல்வது 18 டிகிரி. வீட்டிலேயே சூடான அறை, எல்லோரும் விழித்து உட்கார்ந்திருக்கும் நேரத்தில், அந்தக் குறைந்தபட்சத்தைத் தொடத் தடுமாறியது. குழந்தைகள் தூங்கும் அறையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

குளிரை மட்டும் பார்த்தால் விஷயம் பாதிதான் புரியும். மீதிப் பாதி தண்ணீர். ஒரு கன மீட்டர் காற்று 20 டிகிரியில் ஏறக்குறைய 17 கிராம் நீராவியைத் தாங்கும். அதே காற்று 10 டிகிரிக்கு இறங்கினால் 9 கிராம் சொச்சம்தான் தாங்கும். மிச்சம், அறையில் எந்த இடம் அதிகம் குளிர்ந்திருக்கிறதோ அங்கே நீராகப் படியும். ஐஸ் தண்ணீர் ஊற்றிய டம்ளரின் வெளிப்பக்கம் வியர்க்கிற அதே சங்கதிதான். ஒற்றைக் கண்ணாடி ஜன்னல், அலமாரிக்குப் பின்னால் காற்றுப் படாத சுவர், சுவரும் உட்கூரையும் சேரும் மூலை, இவைதான் முதலில் வியர்க்கும். காலையில் எழுந்தால் அலுமினிய ஜன்னலின் அடிக்காடியில் தண்ணீர் தேங்கி நிற்கும். துண்டை வைத்து ஒற்றியெடுத்தால் பிழியலாம்.

பூஞ்சணம் பிடிக்க அவ்வளவு தண்ணீர்கூடத் தேவையில்லை. ஒரு பரப்பை ஒட்டிய காற்றின் ஈரப்பதம் நாள்கணக்கில் 80 சதவீதத்தைத் தாண்டி நின்றாலே அது வேர்விடும். வாடகைக்கு வீடு பார்க்கப் போகும் புதியவர்களுக்குப் பழையவர்கள் சொல்லித்தருவது இதுதான்: சுவரின் புது பெயிண்டைப் பார்த்து மயங்காதே, திரைச்சீலையைத் திருப்பி அதன் முதுகைப் பார். கரும்புள்ளிகள் இருந்தால் அங்கே இருக்கும். தெற்குப் பக்க அறையில் அலமாரிக் கதவைத் திறந்து மோந்து பார். தெற்கு ஏன் என்றால், தென்கோளத்தில் சூரியன் வடக்கு வழியாகப் போகிறது. குளிர்காலம் முழுக்கத் தெற்கு அறைக்கு நேர்வெயில் கிடையாது. வடக்குப் பார்த்த வரவேற்பறை என்பதை இங்கே விளம்பரத்தில் பெருமையாகப் போடுவார்கள். வாஸ்து பார்க்கிற நம்மவர்களுக்கு அதில் ஒரு கூடுதல் திருப்தி.

சரி, அவ்வளவு தண்ணீர் எங்கிருந்து வருகிறது? நாலு பேர் உள்ள குடும்பம் மூச்சுவிட்டு, சமைத்து, குளித்து, துவைத்து ஒரு நாளில் எட்டு, பத்து லிட்டர் தண்ணீரைக் காற்றில் சேர்ப்பது சாதாரணம். நம் சமையலில் ஆவி அதிகம்: இட்லிக் கொப்பரை, சோறு, கொதிக்கும் ரசம். சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேன் காற்றை வடிகட்டி மறுபடி உள்ளேயே விடும் ரகமாக இருந்தால், மசாலா வாசனை குறையும்; ஆவி வீட்டைவிட்டுப் போகாது. மழைக்காலத்தில் துணியை வரவேற்பறையில் விரித்துக் காயப்போட்டால் ஒரு சுமைக்கு இரண்டு லிட்டருக்குக் குறையாது.

ஆனால் பலரும் கணக்கில் எடுக்காத பெரிய ஊற்று காலுக்குக் கீழே இருக்கிறது. பலகைத் தரைக்கு அடியில் இருக்கும் வெறும் மண்ணிலிருந்து, 100 சதுர மீட்டர் வீட்டுக்கு, நாளொன்றுக்கு 40 லிட்டர் வரை ஈரம் ஆவியாகி மேலே வரலாம். குடும்பம் முழுக்கச் சேர்ந்து உண்டாக்குவதைவிட நாலு மடங்கு. தரைப்பலகை இடுக்கு வழியாக அது வீட்டுக்குள் ஏறும். இதற்கு வைத்தியம் சிக்கலானதல்ல. கனமான பாலித்தீன் விரிப்பை மண்ணின் மேல் பரப்பி, கட்டைகளைச் சுற்றி வெட்டி, ஓரங்களை ஒட்டினால் போதும். ஒரு ஆள் முழங்காலில் தவழ்ந்து ஒரு நாளில் முடித்துவிடும் வேலை. வீட்டை உலர வைக்கச் செய்யக்கூடிய காரியங்களில் காசுக்கு இதைவிடப் பெரிய பலன் தருவது வேறொன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. கண்ணில் படாத இடத்தில் இருப்பதால்தான் யாரும் அதில் காசு போடுவதில்லை.

அப்புறம் கேஸ் ஹீட்டர். புகைபோக்கி இல்லாமல், சக்கரம் வைத்து அறைக்கு அறை தள்ளிக்கொண்டு போகும் வகை. வாங்க மலிவு, பற்றவைத்ததும் முகத்தில் சூடு அடிக்கும். ஆனால் 1 கிலோ எல்பிஜி எரிந்தால் சுமார் 1.6 லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளிவரும். அது வேதியியல், தப்பிக்க வழியில்லை. இங்கே வழக்கமான 9 கிலோ சிலிண்டரை எரித்து முடித்தால் அறைக்குள் 14 லிட்டர் தண்ணீர் ஊற்றிய கணக்கு. கூடவே நுரையீரலை உறுத்தும் நைட்ரஜன் டை ஆக்சைடும் வரும். குளிரைப் போக்க ஏற்றியது அடுத்த அறையின் சுவரில் ஓதமாகப் போய் நிற்கிறது. இந்த ஹீட்டரை அதிகம் வைத்திருந்தவர்கள் மின்கட்டணத்துக்குப் பயந்தவர்கள் என்பதையும் சொல்ல வேண்டும். சிலிண்டரை இந்த வாரம் காசு இருந்தால் நிரப்பலாம், இல்லாவிட்டால் விட்டுவிடலாம். மாதக் கடைசியில் பெரிய பில் வந்து மிரட்டாது.

ஜன்னலைத் திறக்கும் விஷயத்தில் நம் ஊர்ப் பழக்கம் இங்கே தலைகீழாக வேலை செய்கிறது. சென்னையில் ஐப்பசி மழையில் ஜன்னலைத் திறந்தால் ஈரம் உள்ளே வரும். ஆக்லாந்தில் குளிர்கால நாளில், வெளியே தூறிக்கொண்டிருந்தாலும், திறந்தால் ஈரம் வெளியே போகும். 10 டிகிரியில் 90 சதவீத ஈரப்பதத்தோடு இருக்கும் வெளிக்காற்றில் கன மீட்டருக்கு எட்டரை கிராம் நீராவிதான் இருக்கிறது. வீட்டுக்குள் 18 டிகிரி, 70 சதவீதம் என்றால் கிட்டத்தட்ட 11 கிராம். எதிரெதிர் ஜன்னல்களைப் பத்து நிமிடம் விரியத் திறந்து மூடினால் காற்று மாறிவிடும். சுவரின் சூடு அப்படியே இருக்கும். நாள் முழுக்க ஒரு விரல் அளவு திறந்து வைப்பதைவிட இது மேல்.

ஆகவே வரிசை இப்படி: முதலில் மழைநீர் உள்ளே வராமல் பார்ப்பது, பிறகு மண்ணின் ஈரம், பிறகு நாமே கிளப்பும் ஆவி, பிறகு இன்சுலேஷன், கடைசியில் ஹீட்டர். கடைக்குப் போனால் ஹீட்டரைத்தான் முதலில் காட்டுவார்கள். இன்சுலேஷன் இல்லாத வீட்டின் வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்கு கூரை வழியாகவே போய்விடுகிறது. அங்கே பெரிய ஹீட்டர் வாங்குவது தகரத்தை மழையில் சூடாக்கும் செலவு. ஈரம் உள்ள தரைக்கு அடியில் இன்சுலேஷன் அடித்தால் பஞ்சு நனைந்து, சட்டத்தைவிட்டுத் தொங்கி, சில வருடத்தில் உபயோகமற்றுப் போகும்.

இந்த வரிசையின் முதல் படியில் சறுக்கியதற்கு நியூசிலாந்து கொடுத்த விலை பெரியது. 1991இல் வந்த கட்டடச் சட்டம், எப்படிக் கட்ட வேண்டும் என்று சொல்வதை விட்டுவிட்டு, கட்டியது என்ன பலன் தர வேண்டும் என்று மட்டும் சொல்லும் முறைக்கு மாறியது. அதே காலத்தில் மத்தியதரைக் கடல் பாணி வீடுகள் மோஸ்தர் ஆயின: வழவழப்பான சாந்துப்பூச்சு வெளிச்சுவர், தட்டைக் கூரை, சுவரைத் தாண்டி நீளாத கூரை விளிம்பு. ஸ்பெயினின் வெயிலுக்கு அழகாக இருக்கும் வீடு, வருடம் முழுக்கக் காற்றோடு மழை சாய்ந்தடிக்கும் தீவில் வந்து நின்றது. பூச்சுக்கும் மரச்சட்டத்துக்கும் நடுவில் நீர் வடிய இடைவெளி விடவில்லை. போதாதென்று, மக்காமலிருக்க மருந்து ஏற்றாத பைன் மரத்தைச் சட்டத்துக்குப் பயன்படுத்தவும் அனுமதி கிடைத்தது. ஜன்னல் ஓரத்து மயிரிழை விரிசல் வழியாகப் புகுந்த தண்ணீர் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே நின்று மரத்தை மக்க வைத்தது. வெளியே பார்த்தால் பளபளவென்று இருக்கும். பூச்சைப் பெயர்த்தால் உள்ளே மரம் கையோடு பொடிந்து வரும். 2002இல் விசாரணைக் குழுவின் அறிக்கை வந்தது. 2004இல் மருந்து ஏற்றிய மரம் மறுபடி கட்டாயமானது. 2009இல் அரசுக்காகச் செய்த மதிப்பீடு, பாதிக்கப்பட்ட வீடுகள் சுமார் 42,000, சரிசெய்யும் செலவு 1,130 கோடி டாலர் என்றது. வழக்குத் தொடுக்கப் பத்து வருட வரம்பு இருந்ததால், தாமதமாகக் கண்டுபிடித்தவர்கள் பலருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. கட்டிய கம்பெனிகள் பல அதற்குள் கலைந்தும் போயிருந்தன.

அந்த விவகாரத்தில் நொந்தவர்கள் பெரும்பாலும் சொந்த வீட்டுக்காரர்கள். அவர்களுக்கு வக்கீல் வைக்க முடிந்தது, பத்திரிகைகளும் எழுதின. பழைய மரவீட்டில் வாடகைக்கு இருந்தவர்களின் குளிருக்கு அப்படிக் கவனம் கிடைக்கவில்லை. அதை மாற்றியது மருத்துவத் துறையிலிருந்து வந்த ஓர் ஆய்வு. ஒட்டாகோ பல்கலைக்கழகத்தின் வெலிங்டன் வளாகத்தில் பிலிப்பா ஹௌடன்-சாப்மன் தலைமையிலான குழு, வருமானம் குறைந்த ஏழு பகுதிகளில் 1,350 குடும்பங்களைத் தேர்ந்தெடுத்தது. ஒவ்வொரு வீட்டிலும் மூச்சுக் கோளாறு உள்ள ஒருவராவது இருந்தார். 2001 குளிர்காலத்தில் எல்லா வீடுகளையும் அளந்தார்கள். பிறகு குலுக்கல் முறையில் பாதி வீடுகளுக்கு மட்டும் இன்சுலேஷன் போட்டு, 2002 குளிர்காலத்தில் மறுபடி அளந்தார்கள். மீதிப் பாதிக்கு ஆய்வு முடிந்ததும் போட்டுக்கொடுத்தார்கள்.

முடிவு 2007இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்தது. முதலில் பார்த்தால் ஏமாற்றமாக இருக்கும்: படுக்கையறை வெப்பம் அரை டிகிரிதான் கூடியது. ஈரப்பதம் இரண்டு சதவீத அளவுக்குக் குறைந்தது. இதற்கா இவ்வளவு செலவு என்று கேட்கத் தோன்றும். ஆனால் அறை 10 டிகிரிக்குக் கீழே கிடக்கும் நேரம் நாளுக்கு 1.7 மணி குறைந்தது. எரிபொருள் உபயோகம் மற்ற வீடுகளில் 100 என்றால் இங்கே 81. மூச்சிரைப்பு இருந்ததாகச் சொன்னவர்களும், உடம்பு சரியில்லாமல் பள்ளிக்குப் போகாத குழந்தைகளும், வேலைக்குப் போகாத பெரியவர்களும் கணிசமாகக் குறைந்தார்கள். மருத்துவமனைச் சேர்க்கையும் குறைந்தது. ஆனால் அது தற்செயல் இல்லை என்று சொல்லும் அளவுக்கு எண்ணிக்கை போதவில்லை என்பதை ஆய்வாளர்களே எழுதினார்கள். சராசரியைப் பார்த்தால் அரை டிகிரி அற்பம். உடம்பைப் படுத்துவது சராசரி அல்ல, விடியற்காலையின் அந்த அடிமட்டக் குளிர்.

அடுத்த வருடம் அதே குழு இன்னொன்றைக் காட்டியது. ஆஸ்துமா உள்ள குழந்தைகள் இருந்த 409 வீடுகளில் புகைபோக்கி இல்லாத கேஸ் ஹீட்டர், பழைய மின் ஹீட்டர் முதலியவற்றை எடுத்துவிட்டு ஹீட் பம்ப் (ஏசி மாதிரி இயந்திரம், சூடாக்குவதற்கு) போன்றவற்றை வைத்தபோது வரவேற்பறையின் நைட்ரஜன் டை ஆக்சைடு ஏறக்குறையப் பாதியானது. நுரையீரல் அளவீட்டில் தெளிவான முன்னேற்றம் தெரியவில்லை. ஆனால் இருமலும் இரைப்பும் குறைந்து, பள்ளி விடுப்பு குறைந்தது.

2009இல் அரசு இன்சுலேஷனுக்குப் பெரிய மானியத் திட்டத்தைத் தொடங்கியது. அதன் லாபநட்டக் கணக்கைப் பார்த்தவர்கள், போட்ட ஒரு டாலருக்குச் சுமார் நாலு டாலர் பலன் என்றார்கள். அதில் மின்சார மிச்சம் துக்கடா. ஏறக்குறைய முழுப் பலனும் உடல்நலத்தில் வந்தது. மின்சாரத்தை மிச்சம் பிடிக்கும் திட்டம் என்று இதை விற்கிறவர்கள் உண்மையைப் பாதிக்கு மேல் மறைக்கிறார்கள் என்பேன். குளிரில் விறைத்த வீட்டுக்கு இன்சுலேஷன் போட்டால், மிச்சமான காசில் கொஞ்சத்தை அந்தக் குடும்பம் இன்னும் கொஞ்சம் சூடாக இருக்கச் செலவழிக்கும். செலவழிக்கத்தான் வேண்டும்.

அந்த வேலைகளில் ஒரு விபரீதமும் நடந்தது. தரைக்கு அடியில் வெள்ளித்தாள் போன்ற உலோகப் படலத்தை ஸ்டேப்பிள் அடித்துப் பொருத்துவது மலிவான பழைய முறை. ஊசி மின்கம்பியில் இறங்கினால் படலம் முழுக்க மின்சாரம் பாயும். இருட்டில் தவழ்ந்துபோய் வேலை செய்தவர்கள் இறந்திருக்கிறார்கள். ஏற்கெனவே கட்டிய வீடுகளில் அதைப் பொருத்தவும் பழுது பார்க்கவும் 2016இல் தடை வந்தது. இன்றும் பழைய வீட்டின் அடியில் அது தொங்குவதைப் பார்த்தால், மெயின் ஸ்விட்சை அணைக்காமல் கிட்டே போகக் கூடாது.

2014இல் தெற்கு ஆக்லாந்தின் அரசு வீடொன்றில் இருந்த இரண்டு வயதுக் குழந்தை இறந்தது. குளிரும் ஈரமுமான அந்த வீட்டின் நிலை ஒரு காரணமாக இருந்திருக்கக் கூடும் என்று அடுத்த வருடம் மரண விசாரணை அதிகாரி சொன்னார். ஹீட்டர் கொடுக்கப்பட்டிருந்தது, அதை ஓட்ட மின்கட்டணத்துக்குத்தான் குடும்பத்திடம் காசில்லை. விவாதம் சூடுபிடித்தது. 2017இல் சட்டமும், அதன்கீழ் 2019 ஜூலை 1 முதல் வாடகை வீடுகளுக்கான தரநிலைகளும் வந்தன. படிப்படியாக விரிந்து, 2025 ஜூலை 1 முதல் எல்லா வாடகை வீட்டுக்கும் அவை பொருந்தும்.

அதில் எனக்குப் பிடித்தது, ஹீட்டரோடு நின்றுவிடாதது. உட்கூரையிலும் தரைக்கு அடியிலும் இன்சுலேஷன். சமையலறை, குளியலறை ஃபேன்கள் காற்றை வெளியேதான் தள்ள வேண்டும். மழைநீர்க் குழாய், வடிகால் சரியாக இருக்க வேண்டும். தரைக்கு அடியில் அடைபட்ட வெளி இருந்தால் மண்ணின் மேல் அந்தப் பாலித்தீன் விரிப்பு. கதவு, ஜன்னல் இடுக்குகளில் குளிர்காற்று அடிக்கக் கூடாது. 2 டாலர் நாணயத்தின் விளிம்பு நுழைகிறதா என்று பார்ப்பது எளிய சோதனை. வரவேற்பறையை 18 டிகிரிக்குக் கொண்டுவரக்கூடிய நிலையான ஹீட்டர். சுவர் இன்சுலேஷனைக் கேட்கவில்லை, ஏனென்றால் கட்டி முடித்த வீட்டில் அதைப் போடுவது கடினம். படுக்கையறைக்கு ஹீட்டரும் கேட்கவில்லை. எந்த அறை அதிகம் குளிர்கிறது என்று அளவீடுகள் காட்டினவோ அந்த அறையே விட்டுப்போனது எனக்கு இன்னும் உறுத்தல்தான்.

ஹீட்டர் என்றால் இப்போது பெரும்பாலும் ஹீட் பம்ப். நம் ஊரில் ஏசியின் வெளிப்பெட்டி தெருவில் சூட்டைக் கக்குகிறதே, அதே இயந்திரத்தைத் திருப்பி ஓட்டுவதுதான். வெளிக்காற்றிலிருந்து சூட்டை அள்ளி உள்ளே கொண்டுவருவதால் 1 யூனிட் மின்சாரத்துக்கு 3 யூனிட் அளவு வெப்பம் கிடைக்கும். சாதாரண மின் ஹீட்டரில் ஒன்றுக்கு ஒன்றுதான். ஆக்லாந்து மாதிரி மிதமான குளிருக்கு இதைவிடப் பொருத்தமானது இல்லை. வடிகட்டியை மட்டும் மாதமொருமுறை கழற்றித் தட்டினால் போதும்.

விதியை மீறும் வீட்டுக்காரருக்கு 7,200 டாலர் வரை தண்டம் உண்டு. ஆனால் புகாரைப் பெரும்பாலும் குடியிருப்பவர்தான் வாடகைத் தீர்ப்பாயத்துக்குக் கொண்டுபோக வேண்டும். 2025 சனவரி 30 முதல், காலவரை குறிக்காத வாடகையைக் காரணம் சொல்லாமலே 90 நாள் நோட்டீஸில் முடித்துக்கொள்ள வீட்டுக்காரருக்கு மறுபடி அனுமதி கிடைத்திருக்கிறது. புகார் கொடுத்ததற்குப் பழிவாங்கிக் காலி செய்யச் சொல்வது சட்டவிரோதம். அதுதான் காரணம் என்று நிரூபிக்கும் பாடு காலி செய்கிறவருடையது. தீர்ப்புகள் இணையத்தில் பெயரோடு வருவதால், அடுத்த வீடு கிடைக்குமா என்ற பயமும் சேர்ந்துகொள்கிறது. வழக்கில் ஜெயித்தால் பெயரை மறைக்கச் சொல்லிக் கேட்கலாம் என்பது நிறையப் பேருக்குத் தெரியாது. புகார் கொடுக்கப் போகிறவர்கள் வாடகை ஒப்பந்தத்தோடு வந்த தரநிலைத் தாளை முதலில் எடுத்துப் படிக்கட்டும். வரவேற்பறைக்கு எந்த ஹீட்டர், உட்கூரையில் எவ்வளவு தடிமன் என்று வீட்டுக்காரர் அதில் கையெழுத்துப் போட்டிருப்பார்.